ப்ளஸ் ஒன் பிள்ளைக்குப் பரத வகுப்பு: ராமநாதபுரத்தில் ஒன்பது மாத அனுபவம்

வகுப்பின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். ராமநாதபுரம் டவுனில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. நாங்கள் உச்சிப்புளி, மகள் பஸ்ஸில்தான் போய் வருகிறாள்.

என் நாத்தனார் மகள் லண்டனில் ஏ லெவல் படிக்கிறாள், நம்ம ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ மாதிரி. அவள் எடுத்த மூன்று பாடங்களில் நடனமும் ஒன்று. ஆடுவதற்கும் தானே ஆட்டம் அமைப்பதற்கும் சேர்த்துப் பாதி மார்க், மீதிப் பாதிக்கு இரண்டரை மணி நேரம் எழுத்துத் தேர்வு. இதைக் கேட்டதிலிருந்து என் மகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிபிஎஸ்இயில் 11, 12ஆம் வகுப்புக்குப் பரதநாட்டியம் ஒரு பாடமாகவே இருக்கிறது, செய்முறை 70, எழுத்து 30. ஆனால் அவள் பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, அங்கே பரதம் 3 வருடப் படிப்பு, ஆனால் பகல் வகுப்பு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒத்துவராது. சரி, தனியார் வகுப்புதான் என்று முடிவானது.

டீச்சரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பாட்டைப் போட்டுவிட்டுப் போனைப் பார்க்கிற ஆள் இல்லை, தாளம் தட்டுகிற தட்டுக்கழியைக் கையில் எடுத்தால் ஒன்றரை மணி நேரம் கீழே வைப்பதில்லை. மகள் சின்ன வயதில் கொஞ்சம் கற்றவள், அரைமண்டி (முழங்கால்களைப் பக்கவாட்டில் நன்றாக மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) என்று முழங்காலை லேசாக மட்டும் மடக்கி நிற்பாள், அந்தப் பழக்கத்தை அழிக்கவே ஒரு மாதம் போனது. மறுபடியும் ஆரம்பப் பாடமான தட்டடவிலிருந்து தெய்யா தெய். வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஆனால் நான் காசு கொடுப்பதே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காகத்தான். அன்று ஆட்டத்தைவிட நோட்டுதான் அதிகம். சொல்லுக்கட்டை, அதாவது ஆட்டத்துக்குச் சொல்லும் தாளச் சொற்களை, தாளம் பிரித்து எழுத வைக்கிறார், அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலின் ஒற்றைக்கை முத்திரைகள் 28-ஐயும் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று கேட்கிறார். மேகத்துக்கும் பதாகை (விரல்களைச் சேர்த்து நீட்டிய கை), ஆற்றுக்கும் கடலுக்கும் அதே பதாகை, அப்படியானால் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வாரம் முழுக்க யோசிக்க விட்டார். அப்புறம் ஆளுக்கு இரண்டு நிமிடம் சொந்தமாக அமைத்து வரச் சொன்னார். என் மகள் மீனவர்கள் கரையில் நின்று கரைவலை இழுப்பதைச் செய்து காட்டினாள். "நீ குனிந்து இழுக்கிறாய், அவர்கள் பின்னால் சாய்ந்துதான் இழுப்பார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார் டீச்சர். கடற்கரைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அதன் பிறகுதான் விடியற்காலையில் எழுந்து போய்ப் பார்த்தாள். லண்டன்காரி போனில் இதைக் கேட்டு, எங்களுக்கும் இப்படித்தான் என்றாளாம்.

இனி குறைகள். தரை முழுக்க டைல்ஸ். அதில் தினமும் ஓங்கித் தட்டினால் குதிகாலும் முழங்காலும் என்ன ஆகும்? இரண்டு தடவை சொன்னேன், பார்க்கலாம் என்கிறார்கள். வார நாட்களில் ஆறு வயதுக் குழந்தைகளையும் பதினாறு வயதுப் பெண்களையும் ஒன்றாக நிறுத்துகிறார்கள், பெரியவர்களுக்குப் பாதி நேரம் வீண். மாதம் 1,000 ரூபாய் நியாயம்தான், ஆனால் பரீட்சைக்காக முழு மாதமும் போகாத மார்ச்சுக்கும் வாங்கிவிட்டார்கள். ஆண்டு விழா டிரஸ் முதலில் 1,500 என்றார்கள், மதுரையில் அவர்கள் சொல்கிற கடையில்தான் தைக்க வேண்டும் என்று கடைசியில் 4,200 வந்து நின்றது, வீடியோவுக்குத் தனிக் காசு. ரசீது கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இதெல்லாம் டீச்சரின் வீட்டுக்காரர் பார்க்கிற விவகாரம், டீச்சர் இந்தப் பக்கமே வருவதில்லை.

எங்களைப் போல் கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: சலங்கையைத் தொங்கவிடாதீர்கள், உப்புக்காற்றில் மணிகள் பச்சையாகக் களிம்பு பிடிக்கின்றன. புளித்தண்ணீரில் முக்கவும் கூடாது, தோல் கெட்டுவிடும். துணியில் தொட்டு மணியை மட்டும் துடைத்து, உலர்த்தி, டப்பாவில் போட்டு மூடி வைக்கிறோம்.

ப்ளஸ் டூ வருடமும் இங்கேதான் அனுப்பப்போகிறேன், ஞாயிறு மட்டும். டிரஸ் உச்சிப்புளியிலேயே தைப்பதாகச் சொல்லிவிட்டேன், டீச்சரின் வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.