பாரத் என்கேப், குளோபல் என்கேப், யூரோ என்கேப்: எந்த ஸ்டாரை நம்பி கார் வாங்கலாம்?

புது கார் வாங்கப் போறவங்க இப்ப மைலேஜ் கேட்ட கையோட "எத்தனை ஸ்டார்?"னும் கேக்குறாங்க. காரை மோத விட்டுப் பார்த்து, உள்ள இருக்கறவங்களுக்கு எவ்வளவு பாதுகாப்புன்னு அஞ்சு வரைக்கும் போடுறதுதான் இந்த ஸ்டார். போடுறது என்கேப்ங்கிற புது கார் மதிப்பீட்டுத் திட்டங்க: பாரத் நம்ம அரசோடது, யூரோ ஐரோப்பாவோடது, குளோபல் பிரிட்டன்ல இருக்குற தனி அமைப்பு. பத்து வருஷம் முன்னாடி ஷோரூம்ல இந்தப் பேச்சே கிடையாது, அதனால இது ரொம்ப நல்ல மாற்றம். ஆனா ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்த்துட்டு, அது யார் குடுத்தது, எந்த வருஷம் குடுத்தது, பெரியவங்களுக்கா குழந்தைங்களுக்கான்னு பார்க்காம விட்டா பாதி விஷயம் கைக்கு வராது.

இங்க இதை ஆரம்பிச்சு வச்சது குளோபல் என்கேப்தான். 2014ல ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோன்னு அஞ்சு காரை ஏர்பேக் இல்லாத வேரியன்ட்ல எடுத்துட்டுப் போய் 64 கிமீ வேகத்துல மோத விட்டாங்க, பெரியவங்க பாதுகாப்புல அஞ்சுக்கும் ஜீரோ ஸ்டார். ரெண்டு ஏர்பேக் வச்ச போலோவை மோத விட்டப்ப அதுக்கு 4 ஸ்டார் கிடைச்சது. அப்புறம் 2018 டிசம்பர்ல டாடா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கினதும் கம்பெனிங்க விளம்பரமே மாறிடுச்சு. பாரத் என்கேப் வந்தது 2023ல, ஆகஸ்ட்ல சாலைப் போக்குவரத்து அமைச்சர் கட்கரி அறிவிச்சு அக்டோபர் 1ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. வெளிநாட்டுல டெஸ்ட் பண்ண சுமார் இரண்டரை கோடி ஆகுது, இங்கயே பண்ணா 60 லட்சம்தான்னு அப்ப அவர் சொன்னார்.

"நம்ம ஊர் டெஸ்ட்டுதானே, தாராளமா மார்க் போட்டுருவாங்க"ன்னு ஒரு பேச்சு ஓடுது பாருங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். மோத விடுற முறை பாரத், குளோபல் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முன்பக்கம் 64 கிமீ, காரோட அகலத்துல 40 சதவீதம் மட்டும் தடுப்புல படுற மாதிரி, பக்கவாட்டுல 50 கிமீ வேகத்துல ஒரு ட்ராலி வந்து இடிக்கும், அப்புறம் 29 கிமீல கம்பத்துல பக்கவாட்டா மோத விடுவாங்க. சட்டப்படி எல்லா காரும் பாஸ் ஆக வேண்டிய முன்பக்க டெஸ்ட் 56 கிமீதான், அதனால ஸ்டாருக்கான டெஸ்ட் ரெண்டு இடத்துலயும் அதை விட கடுமை. இதுக்கு நல்ல ஆதாரம் டாடா ஹாரியரும் சஃபாரியும், ஏன்னா 2023ல இதுங்க ரெண்டு பக்கமும் டெஸ்ட்டுக்குப் போச்சு. குளோபல் என்கேப்ல பெரியவங்க பாதுகாப்புக்கு 34க்கு 33.05, பாரத் என்கேப்ல 32க்கு 30.08. குழந்தைங்களுக்கு 49க்கு அங்க 45, இங்க 44.54. மொத்த மார்க் வேற வேறயா இருக்கக் காரணம், அங்க சீட் பெல்ட் ரிமைண்டருக்குத் தனியா 2 மார்க் உண்டு, இங்க அது 3 ஸ்டாரோ அதுக்கு மேலயோ வேணும்னா கட்டாயம் இருக்க வேண்டிய ஐட்டம். எப்படிக் கணக்குப் போட்டாலும் இங்க தூக்கிக் குடுத்த மாதிரி தெரியல.

எதிர்ப்பக்கமா ஒரு உதாரணமும் இருக்கு, அதையும் சொல்லணும். மாருதி டிசையர் 2024ல குளோபல் என்கேப்ல பெரியவங்களுக்கு 5, குழந்தைங்களுக்கு 4 ஸ்டார். பாரத் என்கேப்ல ரெண்டுக்குமே 5, ஆனா குழந்தைங்க மார்க் 49க்கு 41.57. 5 ஸ்டாருக்கு 41 வேணும், அப்ப பார்டர்ல பாஸ். அதனாலதான் ஸ்டாரை விட்டுட்டு மார்க்கைப் பாருங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன், அதுலயும் குழந்தைங்க மார்க்கை. விளம்பரத்துல பெரியவங்க ஸ்டாரை பெருசாப் போட்டுட்டு மத்ததை சின்ன எழுத்துல தள்ளிடுவாங்க. பலேனோவே பாருங்க, பாரத் என்கேப்ல பெரியவங்களுக்கு 4, குழந்தைங்களுக்கு 3. வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருந்தா உங்களுக்கு அது 3 ஸ்டார் கார்தான்.

பழைய ஸ்டாருக்கு வருவோம், ஜனங்க அதிகமா குழம்புறது இங்கதான். குளோபல் என்கேப் 2022 ஜூலையில விதியை மாத்துச்சு. அதுக்கு முன்னாடி 17 மார்க்தான், மார்க் போட்டதே முன்பக்க மோதலை வச்சுத்தான், 5 ஸ்டாருக்கு பக்கவாட்டு டெஸ்ட்ல பாஸ் ஆனா போதும். மாத்தினதுக்கு அப்புறம் பக்கவாட்டுக்கும் மார்க், கம்பத்துல மோதுற டெஸ்ட், ஈஎஸ்சி (கார் சறுக்காம கட்டுப்படுத்துற வசதி), நடந்து போறவங்க பாதுகாப்பு எல்லாம் உள்ள வந்துச்சு. அதனால 2020ல வாங்கின 5 ஸ்டாரையும் 2024ல வாங்கின 5 ஸ்டாரையும் பக்கத்துல வச்சுப் பேசவே கூடாது. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இதை ரொம்ப கவனிங்க, 2018 நெக்ஸானுக்கு குழந்தைங்க ஸ்டார் வெறும் 3, 2024 பிப்ரவரியில புது விதியில ரெண்டுலயும் 5 வாங்குச்சு. பேரு ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் வேற கார்.

யூரோ என்கேப் வேற லெவல், இதுங்களோட வச்சுப் பார்க்கிறதே சரியில்ல. அங்க 2020ல இருந்து காரும் ஓடும், எதிர்ல 1400 கிலோ ட்ராலியும் ஓடும், ரெண்டும் 50 கிமீல மோதும். பக்கவாட்டு ட்ராலி 60 கிமீ, கம்பம் 32 கிமீ. அது போக தானா பிரேக் பிடிக்குதா, நடந்து போறவர் மேல இடிச்சா என்ன ஆகும்னு எல்லாத்துக்கும் சதவீதம் போடுவாங்க. விதியை அடிக்கடி ஏத்திட்டே போறதால 2005ல 5 ஸ்டார் வாங்கின ஃபியட் புன்டோ 2017ல ஜீரோ ஆச்சு. புது ஸ்விஃப்ட்டுக்கு 2024ல ஐரோப்பாவுல 3 ஸ்டார், ஆஸ்திரேலியாவுல 1 ஸ்டார் கிடைச்சது. இதை எடுத்துட்டு வந்து இங்க விக்கிற ஸ்விஃப்ட் மேல அப்படியே ஒட்டாதீங்க, விதியும் வேற, நாட்டுக்கு நாடு காரும் வேற.

அப்ப பாரத் என்கேப்ல குறையே இல்லையான்னா, இருக்கு. மோதலுக்கு முன்னாடி காரே தானா பிரேக் பிடிக்கிறதுக்கு இங்க மார்க்கே இல்ல. நடந்து போறவங்க பாதுகாப்புக்கும் தனி மார்க் இல்ல, விதிக்கு உட்பட்டிருந்தா போதும். டூவீலரும் நடக்குறவங்களும் நெருக்கியடிக்கிற நம்ம ரோட்டுக்கு இது பெரிய ஓட்டை. 2027க்கான வரைவுல சாலையில நடக்குறவங்க, டூவீலர்காரங்க பாதுகாப்புக்கு 20 சதவீதம் வெயிட்டேஜ் போட்டிருக்காங்க, அது அப்படியே வரணும். இன்னொண்ணு, இது கட்டாயம் இல்ல, கம்பெனி தானா வந்து விண்ணப்பிக்கணும். நல்லா பாஸ் ஆகும்னு தெரிஞ்ச காரை முதல்ல அனுப்பிட்டு மத்ததை வீட்டுலயே வச்சுக்கலாம். 2014 மாதிரி வெளியாள் ஒருத்தர் கம்பெனியைக் கேக்காமலே காரை எடுத்து மோத விட்டதுக்கு இருந்த அழுத்தம் இதுல வராது, டெஸ்ட்டைக் கட்டாயமாக்கினாதான் வரும்.

என்கிட்ட கேட்டா, இன்னைக்குப் புது கார்னா பாரத் என்கேப் ரிசல்ட்டை முதல்ல எடுங்க, இல்லைனா 2022 ஜூலைக்கு அப்புறமான குளோபல் என்கேப். ரெண்டுமே இல்லாத கார்னா டீலர்கிட்ட ஏன்னு கேளுங்க. "ஆறு ஏர்பேக் இருக்கு சார்"னு மட்டும் பதில் வந்தா அது பதில் இல்ல, ஏர்பேக் சரியா வேலை செய்ய பாடி நசுங்காம நிக்கணும். குளோபல் என்கேப் ரிப்போர்ட்ல பாடி ஸ்டேபிளா இல்லையான்னே போட்டிருப்பாங்க, அந்த வரியை விடாதீங்க.

இந்த ஸ்டார் எல்லாமே ஆளுங்களுக்குப் பதிலா டெஸ்ட்ல உட்கார வைக்கிற பொம்மைங்க பெல்ட் போட்டு, குழந்தை பொம்மைங்க சைல்டு சீட்ல உட்கார்ந்து வாங்கினது. 2022ல டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்துல கார் யூரோ என்கேப்ல 5 ஸ்டார் வாங்கின மெர்சிடிஸ் ஜிஎல்சி மாடல், பின் சீட்ல அவர் பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னாங்க. கார் புக் பண்ற அன்னைக்கே சைல்டு சீட்டுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்க, சைல்டு சீட்டைப் பிடிச்சு வைக்கிற ஐசோஃபிக்ஸ் கொக்கி மாட்டுற இடத்தை டெஸ்ட் டிரைவ்லயே கையை விட்டுத் தடவிப் பாருங்க.