ஸ்லீவ் ஆபரேஷன்: இரண்டு வருஷத்து வலிக் கணக்கு

எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் மூன்று மாசம் ஆகிறது. 109 கிலோவில் போனேன், இப்போது 74. எடை குறைந்த கதையை எல்லாரும் விலாவாரியாகச் சொல்கிறார்கள். வலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று மழுப்பிவிடுகிறார்கள். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. மாநிலம் கேரளம், வீட்டில் தமிழ், பெரிய வைத்தியத்துக்கு வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர். கண் விழித்ததும் மலையாளி சிஸ்டர், "வேதன உண்டோ சேச்சீ?" என்று கேட்டாராம். மலையாளத்தில் வேதன என்றால் வலி. இரண்டு பாஷையும் தெரிந்த நானே மயக்கத்தில், "எனக்கென்ன வேதனை, நல்லாத்தானே இருக்கேன்" என்றிருக்கிறேன்! அப்புறம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று கேட்டார்கள். வீம்புக்கு நான்கு என்றேன். உண்மையில் ஏழு. அந்த வீம்பு வேண்டாம். வலி ஏறிவிட்டால் இறக்க நேரமாகும்.

வயிற்றில் ஐந்து துளை. நான்கு துளை எறும்பு கடித்த மாதிரிதான். வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்த துளை மட்டும் இரண்டு வாரம் சுரீர் சுரீர் என்று இழுத்தது. இருமல் வந்தால் இலவம்பஞ்சுத் தலையணையை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். வீடு திரும்பும்போதும் அதே தலையணைதான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் எங்க வீட்டுக்காரர் வண்டியை உருட்டியே கடந்தார்.

என்னை நிஜமாக வாட்டியது தோள்பட்டை. வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று பயந்தே போனேன். வயிற்றை உப்பவைக்க கார்பன் டை ஆக்சைடு ஏற்றுகிறார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்துகிறது. அங்கே போகும் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், மூளை அதைத் தோள்வலி என்று எடுத்துக்கொள்கிறது. மாத்திரைக்கு அது அவ்வளவாக மசியவில்லை, நடைக்குத்தான் மசிந்தது. வார்டு வராந்தாவில் மணிக்கொரு தடவை நடந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டது.

வீட்டில் அத்தையோடு போராட்டம். பிள்ளை பெற்றவளைப் போலப் படுக்கவைக்கப் பார்த்தார். "நடக்கலைன்னா கால்ல ரத்தம் கட்டிக்கும் அத்தை" என்று சொல்லிச் சொல்லித்தான் திண்ணைவரை போக விட்டார். வலிக்குப் பாராசிட்டமால், முதலில் சிரப், பிறகு பொடித்த மாத்திரை (எதைப் பொடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், மெதுவாகக் கரையும் ரகத்தைப் பொடிக்கக் கூடாது). அதைவிட வீரியமான வலி மருந்தான டிரமடால் இரண்டே நாள். தலைசுற்றலும் மலச்சிக்கலும் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு வலி வெளியிலிருந்து வராது, நாமே வரவழைப்பது: சீரகத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன், நெஞ்சுக்குள் கல் மாட்டிய மாதிரி இருந்தது. அதிலிருந்து சின்ன மருந்து மூடியில் அளந்து, ஒவ்வொரு வாயாகத்தான்.

டிஸ்சார்ஜ் அன்று சொன்னது: வலி நாளுக்கு நாள் குறையணும். கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினாலோ வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே வந்துவிட வேண்டும், உள்ளே இரைப்பையில் போட்ட தையல் கசிகிறதா என்று பார்க்க. எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

எனக்கு வந்த சிக்கல் ஏழாம் மாசம். தையல் மெஷினில் குனிந்தே இருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பழைய பழக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் "வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கி, மூன்று நாள் போட்டேன். அதில் டைக்ளோஃபெனாக் இருந்திருக்கிறது. நான்காம் நாள் வயிறு எரிந்த எரிச்சலில் ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் திட்டிவிட்டு அமிலத்தைக் குறைக்கும் மருந்து எழுதினார். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இந்த ரக வலி மாத்திரைகள் குடலை இணைத்த இடத்திலேயே புண்ணாக்கிவிடுமாம், ஸ்லீவுக்கும் தன்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்றார். தலைவலியோ மூட்டுவலியோ, வாழ்நாளுக்கும் இதுதான் கணக்கு. ஆபரேஷனுக்கு முன்னால் இதை இவ்வளவு அழுத்திச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

போன மாசம் பல் பிடுங்கப் போனபோது பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினேன். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம் என்று ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் என் மகள் எழுதிக்கொடுத்தது. டாக்டர் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, பாராசிட்டமால் மட்டும் எழுதினார்.