மெம்பிரேன் அடைப்பைக் கணிக்கும் மென்பொருள்: எங்கள் எம்.பி.ஆர். நிலையத்தில் எப்படி ஓடுகிறது

எம்.பி.ஆர். என்பது நுண்ணுயிரிகள் சுத்திகரித்த கழிவுநீரை மெம்பிரேன் என்ற நுண்துளைச் சவ்வால் வடிகட்டும் முறை. கழிவுநீர் நிலையத்தில் அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரே கவலைதான்: டி.எம்.பி., அதாவது மெம்பிரேனின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, எப்போது எகிறும்? அதை முன்கூட்டியே சொல்வதாக விற்கப்படும் மென்பொருள் ஒன்றை எங்கள் நிலையத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பெயரை விட்டுவிடுகிறேன். இந்த வகையில் எதை வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் இவைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, தண்ணீர் கடந்து போவதற்கான மொத்தத் தடையை அது பிரித்துக் காட்டும் விதம். மெம்பிரேனின் சொந்தத் தடை, மேலே படியும் அழுக்கு அடுக்கான கேக்கின் தடை, துளைக்குள் ஏறிய அடைப்பின் தடை என மூன்றும் தனித்தனி நிறத்தில் வருகின்றன. பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) முடிந்ததும் இறங்கும் பகுதியைப் பெரும்பாலும் கேக் கணக்கிலும், இறங்காமல் தங்கும் பகுதியைத் துளையடைப்புக் கணக்கிலும் சேர்க்கிறது. ஷிஃப்டில் இருப்பவர் திரையைப் பார்த்தே முடிவெடுக்கலாம். கேக் ஏறினால் மெம்பிரேன் மேல் ஊதும் காற்றையோ, இழுப்பை நிறுத்திவைக்கும் ரிலாக்ஸ் நேரத்தையோ கூட்டலாம். துளையடைப்பு ஏறினால் ரசாயனக் கழுவலுக்கு நாள் குறிக்கலாம். கரிமப் படிவு என்றால் ஹைப்போகுளோரைட், கால்சியம், இரும்புப் படிவு என்றால் சிட்ரிக் அமிலம்.

வெப்பநிலைத் திருத்தத்தையும் தானே செய்துவிடுகிறது. 20 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறக்குறைய 1.00 மில்லிபாஸ்கல் செகண்ட். 10 டிகிரியில் அது 1.31. அதாவது மெம்பிரேனில் துளிகூட அழுக்கு சேராவிட்டாலும், அதே ஃபிளக்ஸுக்கு (மெம்பிரேனின் ஒரு சதுர மீட்டர் வழியே மணிக்குப் போகும் தண்ணீரின் அளவு) சுமார் 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் வேண்டும். குளிர் நாட்களில் டி.எம்.பி. ஏறுவதைப் பார்த்துப் பதறி, தேவையில்லாமல் ஹைப்போ ஊற்றி மெம்பிரேனின் ஆயுளைக் குறைக்கும் வேலை இதனால் நிற்கும். இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். நிறுவியதும் கிடைக்கும் அமைப்பில் அது ஹெர்மியா என்ற ஆய்வாளர் 1982-இல் தொகுத்துத் தந்த நான்கு அடைப்பு விதிகளைத் தரவின் மேல் பொருத்துகிறது: முழு அடைப்பு, துளைச்சுவர்ப் படிவு, இடைநிலை அடைப்பு, கேக். நல்ல விதிகள்தான். ஆனால் அவை அழுத்தத்தை நிலையாக வைத்து வடிகட்டும்போது பொருந்துபவை. எங்கள் தொட்டியில் பம்ப் நிலையான ஃபிளக்ஸில் இழுக்கிறது, அழுத்தம்தான் மாறுகிறது. நிலையான ஃபிளக்ஸுக்கான வடிவமும் மென்பொருளில் இருக்கிறது, அமைப்புப் பக்கத்தின் அடியில்! இன்னொரு விஷயம், நம் தரவின் இரைச்சலில் இரண்டு மூன்று விதிகள் ஏறக்குறைய ஒரே அளவில் பொருந்திவிடும். அதில் நூலிழை முந்தியதை எடுத்து 'காரணம்: இடைநிலை அடைப்பு' என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் போடுவது சரியல்ல. கோடு பொருந்திவிட்டதாலேயே காரணம் உறுதியாகிவிடாது.

அப்புறம் அந்தத் திடீர் எகிறல். மெதுவாக ஏறும் கட்டத்தை இது அழகாகக் கணிக்கிறது, எகிறலைக் கோட்டைவிடுகிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. சில இடங்கள் அடைபட்டாலும் மொத்த ஃபிளக்ஸ் குறையாது. மீதியுள்ள இடங்கள் அந்தச் சுமையையும் இழுக்கும். அங்கே ஃபிளக்ஸ் அந்த இடம் தாங்கும் உச்சவரம்பைத் தாண்டியதும் ஸ்லட்ஜ் (தொட்டியில் உள்ள நுண்ணுயிர்ச் சேறு) வேகமாகப் படியும், அடைப்பு மேலும் பரவும். முழுப் பரப்புக்கும் ஒரே சராசரி ஃபிளக்ஸை எடுத்துக்கொள்ளும் மாதிரிக்கு இது எட்டாது. குழாய் போன்ற மெம்பிரேன் இழையின் நீளத்தைத் துண்டு துண்டாகக் கணக்கிடும் உயர் பதிப்பில் எகிறல் தெரிகிறது. ஆனால் அதற்கு ஃபிளக்ஸைப் படிப்படியாக உயர்த்திச் சோதித்த தரவும், அழுத்தம் கூடும்போது கேக் எவ்வளவு இறுகுகிறது என்ற அளவும் வேண்டும். சோதனை வசதி இல்லாதவர்கள் அந்தப் பதிப்புக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

எனக்குக் கோபமே வந்த இடம் ஒன்று உண்டு. நுண்ணுயிரிகள் வெளிவிடும் பிசின்போன்ற பொருட்களின் அளவைக் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டால், சத்தமில்லாமல் ஏதோ ஓர் இயல்பு மதிப்பை நிரப்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது. அறிக்கையில் ஒரு குறிப்பும் இல்லை. துளையடைப்பின் வேகத்தை அதிகம் மாற்றும் உள்ளீடுகளில் அதுவும் ஒன்று. அளந்த எண்ணையும் ஊகித்த எண்ணையும் வேறு நிறத்தில் காட்டுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். உதவிக் குழுவினர் நிதானமாகப் பதில் சொல்கிறார்கள், அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தக் கட்டத்தில் ஆய்வகத்தில் அளந்த எண்ணை மட்டும் போட்டு ஓட்டுங்கள்.