கப்பலிலிருந்து பத்துமலைக்கு: பதின்மூன்று பேர், பதினெட்டுப் பெட்டிகள், ஒரு கடற்பாலம்

சிங்கப்பூரில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளி விடுமுறை என்றால் ஊரிலிருந்து உறவினர் கூட்டம் வரும் காலம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வருகிறவர்கள் மூன்று நான்கு நாள் சொகுசுக் கப்பலில் போய்வருவார்கள். கப்பல் திரும்பிய அன்றே கோலாலம்பூர் போய், மறுநாள் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பார்கள். கப்பல் டிக்கெட்டுக்கு ஆயிரம் யோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கப்பலை விட்டு இறங்கிய காலையில், எழுபது வயது அத்தையையும் மூன்று வயதுப் பேரனையும் வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிச் சுமார் 350 கிலோமீட்டர் போவது எப்படி என்பதற்குத்தான் சரியான பதில் கிடைப்பதில்லை. மூன்று விடுமுறைகளில் மூன்று விதமாக அழைத்துப்போனேன். ஒவ்வொன்றும் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. கூட்டமாகப் போகும்போது டிக்கெட் விலையை மட்டும் கூட்டிப் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவோம். பெட்டிகளை எத்தனை முறை தூக்கி இறக்க வேண்டும், எத்தனை இடங்களில் கூட்டம் பிரிய வாய்ப்பிருக்கிறது, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இளைஞர்கள் நால்வர் முதுகுப்பையோடு போவதற்கும், மூன்று தலைமுறை ஒரு குடும்பம் சக்கரப் பெட்டிகளோடு போவதற்கும் ஒரே பதில் பொருந்தாது.

மிக மலிவான வழி

மெரினா பே சொகுசுக் கப்பல் முனையத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம். அது வடக்கு தெற்கு ரயில் பாதையின் கடைசி நிலையம் என்பது நமக்கு வாய்த்த வசதி. காலியாக வரும் ரயிலில் எல்லாரும் உட்காரலாம், பெட்டிகளை ஓரமாக நிறுத்தலாம், வண்டி மாறாமல் வடக்கெல்லையை ஒட்டிய கிராஞ்சி வரையிலோ உட்லண்ட்ஸ் வரையிலோ போகலாம். உட்லண்ட்ஸிலிருந்து 950ஆம் எண் பேருந்து, கிராஞ்சியிலிருந்து 170ஆம் எண் பேருந்து அல்லது காஸ்வே லிங்க் பேருந்து. எல்லைக்கு அந்தப் பக்க மலேசிய நகரமான ஜோகூர் பாரு வரைக்கும் ஆளுக்குச் சில வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). பிறகு அங்குள்ள லார்க்கின் பேருந்து முனையத்திலிருந்து கோலாலம்பூருக்கு விரைவுப் பேருந்து. அதற்கு மலேசியப் பணமான ரிங்கிட்டில் கொடுக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து நேராகப் போகும் பேருந்தின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாகவே முடிந்துவிடும்.

முதல் முறை இந்த வழியில்தான் போனோம். பணம் மிச்சமானது உண்மை. ஆனால் இந்தப் பேருந்துகள் சோதனைச்சாவடியில் நமக்காகக் காத்திருப்பதில்லை. உட்லண்ட்ஸில் எல்லாப் பெட்டிகளோடும் இறங்கி, மேலே ஏறி, குடிநுழைவு முடித்து, கீழே வந்து, அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்தைப் பிடிக்க வேண்டும். இரு நாட்டையும் இணைக்கும் 1,056 மீட்டர் கடற்பாலத்தைத் தாண்டியதும் ஜோகூரின் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மறுபடியும் இதே வேலை. அங்கே நகரும் படிக்கட்டில் இரண்டு பெட்டிகளோடு நின்ற சித்தப்பாவின் கையிலிருந்து ஒரு பெட்டி நழுவி, பின்னால் நின்ற அண்ணியின் முழங்காலில் மோதியது. நல்லவேளையாகக் காயம் பெரிதில்லை. ஆனால் அவர் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் கூட்டத்தில் பாதிப் பேர் வரிசையின் நகர்வோடு முன்னே போய்விட்டார்கள். கைப்பேசியில் சிங்கப்பூர் சிம் அட்டை வேலை செய்யவில்லை. ஒருவரை ஒருவர் தேடிச் சேர நாற்பது நிமிடம் ஆனது. அத்தை அந்த நாற்பது நிமிடமும் முறுக்கு டப்பா வைத்திருந்த துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு தூணருகே நின்றிருந்தார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: ஆறு பேருக்குள், எல்லாரும் நடக்கக்கூடியவர்கள், ஆளுக்கு ஒரு பை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அதற்கு மேல் போனால் இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நேரடிப் பேருந்து

சிங்கப்பூரில் ஏறினால் கோலாலம்பூரில் இறங்கலாம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். இருக்கைகள் அகலமானவை, சாய்ந்து தூங்கலாம். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது பெட்டிகள் வண்டியிலேயே இருக்கலாம், ஆட்கள் மட்டும் இறங்கினால் போதும். மலேசியப் பக்கத்தில் மட்டும் பெட்டிகளை இறக்கிச் சோதனைக் கருவியில் விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். முதல் வழியோடு ஒப்பிட்டால் தூக்கும் வேலை பாதி.

குறை எங்கே என்றால், நேரத்தில். பேருந்துக்குக் குறித்த புறப்பாட்டு நேரம் உண்டு. கப்பலிலிருந்து இறங்கும் நேரமோ நம் கையில் இல்லை. தளம் தளமாக, நிறம் நிறமாகப் பெட்டிச் சீட்டு கொடுத்து அழைப்பார்கள். இரண்டாம் முறை காலை பத்தரை மணிப் பேருந்துக்குப் பதிவு செய்திருந்தேன். எங்கள் நிறத்தை அழைத்தபோதே ஒன்பதரை. வியர்க்க விறுவிறுக்க ஓடிப்போய் ஏறினோம். ஏறியும் நிம்மதி இல்லை. எல்லையில் பேருந்து குறிப்பிட்ட நேரம் வரைதான் நிற்கும் என்று ஓட்டுநர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒருவரைக் குடிநுழைவு அதிகாரி தனியே அழைத்து ஏதாவது கேட்டால், மற்ற பன்னிருவரும் என்ன செய்வது? எங்கள் மாமாவை அப்படி அழைத்தார்கள். ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடமும் பேருந்தின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தேன்.

இந்த வழியில் போவதாக இருந்தால் இரண்டு செய்ய வேண்டும். பிற்பகல் ஒரு மணிக்கு முந்தைய பேருந்தில் பதிவு செய்யாதீர்கள். முந்தைய இரவு பெட்டிகளை அறைவாசலில் வைக்காமல், நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கலாமா என்று கப்பலில் கேளுங்கள். அப்படி இறங்குபவர்களைத்தான் பெரும்பாலும் முதலில் விடுவார்கள்.

இன்னொன்று, பேருந்துகள் மேற்கேயுள்ள துவாஸ் வழியாகவும் போவதுண்டு. அங்கே 1998இல் திறந்த இரண்டாம் பாலத்தில் உட்லண்ட்ஸை விட நெரிசல் பொதுவாகக் குறைவு. எந்த வழியாகப் போகும் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வேன், அதிலுள்ள ஓர் ஆபத்து

கப்பல் முனைய வாசலிலேயே ஏறி, கோலாலம்பூர் விடுதி வாசலில் இறங்கும் வேன்தான் வயதானவர்களுக்கு உகந்தது என்பதில் சந்தேகமில்லை. பதின்மூன்று பேருக்குப் பகிர்ந்தால் நேரடிப் பேருந்தைவிட அதிகம் ஆகும், ஆனால் தாங்க முடியாத தொகை ஆகாது. நான் இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புவது உரிமம் பற்றி.

சமூக ஊடகக் குழுக்களில் "எல்லை தாண்டி விட்டுவிடுகிறேன், பாதி விலை" என்று வரும் விளம்பரங்களில் பல, உரிமம் இல்லாத வண்டிகளுடையவை. பொதுச் சேவை வாகன உரிமம் இல்லாமல் சிங்கப்பூரில் கூலிக்கு ஆளேற்றுவது குற்றம். 3,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, வண்டியைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. 2025ஆம் ஆண்டின் நடுவிலிருந்து நிலப் போக்குவரத்து ஆணையம் இதில் சோதனைகளைத் தீவிரமாக்கியிருக்கிறது. தண்டனை ஓட்டுநருக்குத்தான், நமக்கென்ன என்று நினைப்பது தவறு. வண்டியை மடக்கினால் பதின்மூன்று பேரும் பெட்டிகளோடு சாலையோரத்தில் நிற்போம். விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். பேரனை மடியில் வைத்துக்கொண்டு போகிற பயணத்தில் இந்தச் சில நூறு வெள்ளிச் சேமிப்பு எனக்கு வேண்டாம்.

உரிமம் உள்ள எல்லை தாண்டும் டாக்சிகளும் உண்டு. குவீன் ஸ்ட்ரீட் முனையத்திலிருந்து லார்க்கினுக்கு நெடுங்காலமாக ஓடுகின்றன. ஆனால் ஒரு வண்டிக்கு வழக்கமாக நான்கு பேர்தான். பதின்மூன்று பேருக்கு நான்கு டாக்சி. நடக்க முடியாதவர்கள் இருவரை மட்டும் அனுப்ப இது நல்ல வழி. முழுக் கூட்டத்துக்கும் ஒத்துவராது.

நான் கண்டடைந்த வழி

மூன்றாம் முறை பயணத்தை இரண்டாக வெட்டினேன். எல்லையை ரயிலில் தாண்டுவது, எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசிய வேன் ஒன்றை ரிங்கிட்டில் பேசி நிறுத்துவது.

உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியிலிருந்து ஜோகூர் பாருவின் ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரலுக்கு ஷட்டல் டெப்ராவ் என்ற ரயில் 2015 முதல் ஓடுகிறது. பயண நேரம் ஐந்து நிமிடம். சிங்கப்பூரின் வெளியேறும் சோதனையும் மலேசியாவின் நுழையும் சோதனையும் உட்லண்ட்ஸில் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து முடிந்துவிடுகின்றன. ஜேபி சென்ட்ரலில் இறங்கினால் நேரே வெளியே நடக்க வேண்டியதுதான். பேருந்தைத் துரத்த வேண்டியதில்லை. ஒருவருக்குத் தாமதமானால் மற்றவர்கள் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம். கூட்டம் பிரிய இடமே இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம்.

கட்டணத்தைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து போக 5 வெள்ளி, ஜோகூரிலிருந்து வர 5 ரிங்கிட். எண் ஒன்று, மதிப்பு மூன்றில் ஒரு பங்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் செலவழிக்கும் ஒவ்வொரு காசையும் அந்தப் பக்கம் தள்ள முடிந்தால் தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். நீண்ட தூர வேனும் அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வேன் பேசினால் முழுத் தூரத்துக்கும் வெள்ளியில் விலை சொல்வார்கள், எல்லையில் காத்திருக்கும் நேரத்தையும் அதில் ஏற்றுவார்கள். ஜேபி சென்ட்ரலில் ஏறினால் உள்நாட்டுச் சவாரி, உள்நாட்டு விலை. உரிமம் உள்ள சுற்றுலா வேனா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். எங்கள் ஓட்டுநர் பினாங்குத் தமிழர். வழியில் மலாக்காவில் நிறுத்திச் சாப்பிட வைத்து, மாலை ஆறு மணிக்குள் விடுதியில் சேர்த்தார். மொத்தச் செலவு நேரடிப் பேருந்தைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது.

வேனும் வேண்டாம் என்பவர்களுக்கு, ஜேபி சென்ட்ரலிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு இடிஎஸ் மின்ரயில் 2025 டிசம்பர் முதல் ஓடுகிறது. சுமார் நான்கரை மணி நேரம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பத்துமலை அடிவாரம் வரை கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலே போகிறது. சாலை நெரிசல் தொடாத பயணம். பதின்மூன்று இருக்கை ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும்.

ஷட்டல் டெப்ராவிலும் இதே சிக்கல்தான். வார இறுதி டிக்கெட்டுகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். வாரநாள் காலையில் வேலைக்காரக் கூட்டம் ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும், மாலையில் திரும்பும். காலையில் கப்பலிலிருந்து இறங்கும் நாம் அதற்கு எதிர்த்திசையில் போகிறோம். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் வந்து நிற்கும் கப்பலைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வெற்றி. வெள்ளி மாலையும் சனி காலையும் கடற்பாலத்தில் எந்த வழியும் நல்ல வழியில்லை.

விசாவில் ஒரு கண்

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. சிங்கப்பூருக்கு விமானத்தில் வந்தது ஒரு நுழைவு. கப்பலில் போய்த் திரும்பியது இன்னொரு நுழைவு. மலேசியா போய்ச் சாங்கி விமான நிலையத்துக்குத் திரும்பினால் மூன்றாவது. பலமுறை நுழையும் விசாதானா என்று ஊரிலேயே பார்த்துவிட வேண்டும். ஊர் திரும்பும் விமானத்தைக் கோலாலம்பூரிலிருந்தே எடுத்துவிட்டால் ஒரு நுழைவும் ஒரு நாளும் மிச்சம். மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. 2026 இறுதி வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் மின்னியல் வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. கப்பல் பினாங்கில் நின்றபோது நிரப்பியது தரைவழி நுழைவுக்குச் செல்லாது, புதிதாக நிரப்ப வேண்டும். கப்பலில் இணைய வசதிக்குத் தனிக் கட்டணம் என்பதால், புறப்படுவதற்கு முன்பே நாள் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவிலுள்ள புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் என்ற புதிய எல்லை தாண்டும் ரயில் 2026 டிசம்பருக்குள் ஓட வேண்டும் என்பது இரு நாடுகளின் இலக்கு. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றும் திறன் கொண்டது. இதிலும் இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடியும். அது வந்த ஆறு மாதத்துக்குள் ஷட்டல் டெப்ராவை நிறுத்திவிடுவார்கள். முன்பதிவுக் கவலையில்லாமல் வந்த ரயிலில் ஏறலாம் என்றால், கப்பலிலிருந்து இறங்கும் நேரம் தள்ளிப்போனாலும் பதற வேண்டியதில்லை.

அடுத்த விடுமுறைக்குப் பதினொரு பேர் வருகிறார்கள். கப்பல் செவ்வாய்க்கிழமை வந்து நிற்கிறது. ரயில் எதுவானாலும், ஜேபி சென்ட்ரலில் நிற்கச் சொல்லி அதே ஓட்டுநரிடம் பேசிவிட்டேன். அத்தைக்கு மட்டும் கப்பல் முனையத்திலிருந்து உட்லண்ட்ஸ் வரை டாக்சி.