ஏலகிரி முகாம் திடல்: ரோவர், ரேஞ்சர் கூடலுக்கு ஏற்றதா?

சனி, ஞாயிறு இரண்டு நாள்கள் நடந்த எங்கள் ரோவர், ரேஞ்சர் (சாரண இயக்கத்தின் மூத்த இளைஞர், இளம்பெண் பிரிவுகள்) கூடலுக்காக, ஏலகிரி மலையில் அத்தனாவூரைத் தாண்டி உள்ள ஒரு தனியார் முகாம் திடலை வாடகைக்கு எடுத்திருந்தோம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து 25 வயதுக்குட்பட்ட 38 பேர் வந்திருந்தார்கள்.

இந்த இடத்தைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரிகிற சந்திப்பு அது என்பதால், பெங்களூர்க்காரர்களும், பாலக்காட்டிலிருந்து வந்தவர்களும், சித்தூரிலிருந்து காட்பாடி வந்து வேலூர்க்காரர்களான எங்களோடு சேர்ந்தவர்களும் ஒரே நிலையத்தில் இறங்கி, சாரணர் வழக்கப்படி இடது கையைக் குலுக்கிக்கொண்டு, ஒரே பேருந்தில் மலையேற முடிந்தது. 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பாரி யார், ஓரி யார் என்று கேட்ட பாலக்காட்டு நண்பர்களுக்கு விடை சொல்லி முடிப்பதற்குள் மலை வந்துவிட்டது. (2019இல் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், வேலூர்க்காரர்களுக்கு அது இன்னமும் நம்ம மலைதான்.)

திடலின் சிறப்பு, அங்கே எதுவும் தயாராக இல்லாததுதான். சமதளமான புல்தரை, ஓரத்தில் மூங்கில் கழிகள், ஒரு கொட்டகை, அவ்வளவே. சுற்றுலாப் பயணிக்கு இது குறையாகப் படலாம், ஆனால் மூன்று கழிகளை முக்காலியாகக் கட்டிப் பாத்திரம் தொங்கவிடவும், கயிறும் கழியும் கொண்டு தட்டு அடுக்கு அமைக்கவும் வருகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஞாயிறு மதியச் சமையலை நாங்களே பார்த்துக்கொண்டோம். கர்நாடகத்து ரேஞ்சர்கள் ராகி முத்தே கிளறி உருட்டி வைத்தபோது, எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் "இது களியாச்சே!" என்றான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் நாங்கள் வைத்த குழம்போடு அது ஒரு பருக்கை மிஞ்சாமல் தீர்ந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கழிப்பறைகள் சுத்தமாக இருந்தாலும் நான்குதான். 38 பேர் வருவதாக முன்பே தெரிவித்திருந்தும், ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொட்டி வறண்டு, குழாயில் காற்று மட்டும் சீறியது. டிராக்டர் தண்ணீர் வரப் பத்தரை ஆனது. வாடகைக் கூடாரங்களில் இரண்டுக்கு முளைகளே இல்லை; சவுக்குக் குச்சியைச் சீவி அடித்துச் சமாளித்தோம். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பின்னிரவுப் பனி கூடாரத் துணியை நனைத்துவிடுவதால், தரையில் விரிக்கத் தார்ப்பாயும் ஒரு கம்பளியும் கொண்டுபோவது நல்லது. சனி இரவுச் சாப்பாடு திடல்காரர்கள் பொறுப்பு. சாம்பார் சாதம் ஆறிப்போய் வந்தது என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பாசறைத் தீ மூட்டுகையில் ஒரு சிறு உரசல் ஏற்பட்டது. பணியாளர் ஒருவர் டீசல் புட்டியோடு வந்து, "ஊத்திட்டுப் பத்த வைங்க தம்பி, சீக்கிரம் புடிக்கும்" என்றார். தேங்காய் நாரும் சுள்ளியும் வைத்து இரண்டே தீக்குச்சிகளில் பற்றவைப்பது எங்களுக்கு மானப் பிரச்சினை என்பதை அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதற்குச்சி காற்றில் அணைந்தது, இரண்டாவது பிடித்தது.

வாடகை இரண்டு நாளுக்கும் ஓர் இரவுச் சாப்பாட்டுக்குமாக ஆளுக்கு 650 ரூபாய். புல் கருகினால் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணமாக 2,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். தீ மூட்டும் முன்பே புல்லை மண்ணோடு கட்டி கட்டியாகப் பெயர்த்து நிழலில் அடுக்கியிருந்தோம். கிளம்பும்போது சாம்பலை அள்ளிவிட்டு, அவற்றை இருந்த வரிசையிலேயே பதித்துத் தண்ணீர் தெளித்தோம். மேலாளர் திடலை இரண்டு முறை சுற்றிவந்து, "எங்கப்பா நெருப்பு போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார்.