ஃபோர்டா, லமான்டியாவா: யாரை முதலில் வாசிப்பது?

கனவையும் ஆழ்மனத்தையும் எழுத்தாக்கப் பார்க்கிற சர்ரியலிசத்தில், அமெரிக்கக் கவிதைப் பக்கம் ஒதுங்கினால் சீக்கிரமே இரண்டு பேர் எதிர்ப்படுவார்கள். சார்லஸ் ஹென்றி ஃபோர்ட், ஃபிலிப் லமான்டியா. நான் ஃபோர்டில்தான் ஆரம்பித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஆனால் அது அவருடைய கவிதைக்காக அல்ல.

கவிதையை மட்டும் தராசில் வைத்தால் தட்டு லமான்டியா பக்கம்தான் இறங்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் 1927இல் பிறந்தவர், பெற்றோர் சிசிலிக்காரர்கள். பதினைந்து வயதில் டாலி, மிரோ என்ற ஓவியர்களின் கண்காட்சிகளைப் பார்த்துப் பித்துப் பிடித்து எழுதியவரை, நூறாண்டுக்கு ஒருமுறை எழும் குரல் என்று சர்ரியலிச இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோனே பாராட்டினார். 1955இல் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் தன் புகழ்பெற்ற 'ஹவுல்' கவிதையை வாசித்த அதே மேடையில், லமான்டியா தன்னுடையதை வாசிக்காமல் இறந்துபோன நண்பர் ஜான் ஹாஃப்மனின் கவிதைகளை வாசித்தார். அவரை எனக்குப் பிடிக்க அது ஒன்றே போதும். பிற்காலத் தொகுப்புகளை ஒரு தடவைதான் புரட்டியிருக்கிறேன், அதனால் அவற்றைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஃபோர்டின் கவிதைகள் படிமத்தின் மேல் படிமமாக அடுக்கிக்கொண்டே போகும், சில நேரம் மூச்சு முட்டும். சரி, அப்புறம் ஏன் அவர்?

பத்திரிகை. பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத பையன், 1929இல், மிஸிஸிப்பி மாநிலத்துக் கொலம்பஸ் ஊரில் உட்கார்ந்துகொண்டு 'ப்ளூஸ்' என்று ஒரு சிறுபத்திரிகை தொடங்குகிறார், அதில் அப்போதே பேர்பெற்ற எழுத்தாளர்களான எஸ்ரா பவுண்டும் கெர்ட்ரூட் ஸ்டைனும் எழுதுகிறார்கள். வழக்கமான சிறுபத்திரிகைத் தலைவிதிதான், ஒன்பது இதழோடு நின்றது. பிறகு பாரிஸ் வாசம், பார்க்கர் டைலரோடு சேர்ந்து எழுதிய, அமெரிக்காவில் தடைபட்ட ஒரு நாவல். 1940இல் நியூயார்க்கில் 'வியூ' என்ற அடுத்த பத்திரிகை. போருக்குத் தப்பி ஐரோப்பிய சர்ரியலிஸ்டுகள் வந்து இறங்கிய நேரம் அது. பிரெத்தோன் தரப்பு 1942இல் 'விவிவி' என்று தனியாக ஒன்று தொடங்கி 1944இல் ஓய்ந்துவிட்டது, ஃபோர்ட் 1947வரை ஓட்டினார். எழுதுகிறவர் இயக்கத்தில் உறுப்பினரா என்று பார்த்து ஃபோர்ட் இடம் கொடுக்கவில்லை, அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

'வியூ'வின் 1945 மார்ச் இதழ் முழுக்கக் கலைஞர் மார்செல் டுஷாம்புக்கு. அட்டையை டுஷாம்பே செய்தார்: நட்சத்திர வானத்தில் ஒரு ஒயின் பாட்டில், வாயிலிருந்து புகை கிளம்புகிறது, பாட்டிலின் லேபிளாக ஒட்டியிருப்பது அவருடைய பழைய ராணுவச் சேவைப் புத்தகத்தின் பக்கம். கவிதை எழுதுகிறவர் நடத்திய பத்திரிகை என்று அந்த அட்டையைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு புத்தகத்துக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், 2013இல் வந்த லமான்டியாவின் முழுத் தொகுப்பை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் லமான்டியா ஒருவர்தான் இருப்பார். 1991இல் ஃபோர்ட் தொகுத்த 'வியூ' தேர்வு நூல் பழைய புத்தகமாகக் கிடைத்தால் விடாதீர்கள், ஒரு காலகட்டமே கையில் வந்துவிடும். லமான்டியா என்ற பள்ளிக்கூடப் பையனின் கவிதைகளை 1943இல் அச்சேற்றியதும் 'வியூ'தான், அடுத்த ஆண்டு அவர் நியூயார்க் போய் வேலைக்குச் சேர்ந்ததும் ஃபோர்டின் அலுவலகத்தில்தான்.