வாட்ஸாப்பில் வந்த மேப் கீ: டர்பனில் நான் தண்டம் அழுத கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறு கடைகளுக்கு வெப்சைட், ஆப் செய்து கொடுத்துப் பிழைக்கும் நம்ம பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மேப்பை நம் பக்கத்தில் ஓட்டக் கூகுள் தரும் சேவைதான் ஏபிஐ, அதைத் திறக்கும் நீளமான குறியீடுதான் கீ. "கூகுள் மேப் ஏபிஐ பாதி விலைக்குத் தருகிறேன், கார்டு வேண்டாம், மாதாமாதம் ராண்டில் கட்டினால் போதும்" என்று தமிழிலேயே பேசி ஒருவர் அணுகினால், போனை வைத்துவிடுங்கள். நான் வைக்கவில்லை. 7,100 ராண்ட் போனது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு அக்கா வீட்டோடு சமையல் நடத்துகிறார். வெள்ளி, சனி இரண்டு நாளும் மதியச் சாப்பாடு ஆர்டரின் பேரில் வீட்டுக்கு வீடு போகும். அக்காவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "தம்பி" மட்டும் சுத்தமாக வரும். ஆர்டர் வாங்கவும், டிரைவர்கள் போனில் வழி பார்க்கவும் ஒரு பக்கம் செய்துதரச் சொன்னார்.

வேலை எளிதுதான், விலாசம் மட்டும் எளிதில்லை. 1960களில் இனவாரியாகப் பிரித்துக் கட்டிய ஊர் இது. தெருவுக்குப் பெயர் வைக்காமல் எண் போட்டார்கள். இன்றைக்குப் பலகையில் பேவியூ என்று இருக்கும், பெரியவர்கள் வாயில் யூனிட் டூ என்றுதான் வரும். டவுனுக்குள் போனாலும் இதே கதை. 2008-இல் கிரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் ஆனது, ஆனால் ஆர்டர் கொடுப்பவர் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் எழுதுவார். இப்படி எழுதும் விலாசத்தைச் சரியான புள்ளியாக மாற்ற நல்ல ஜியோகோடிங் வேண்டும். அதனால்தான் கூகுள் பக்கம் போனேன்.

கூகுளில் 2018-லிருந்தே பில்லிங் கணக்கும் கார்டும் இல்லாமல் ஒன்றும் ஓடாது. அக்காவுக்குக் கார்டு நம்பர் கொடுக்கப் பயம். என் கார்டைப் போடலாம் என்றால், கடைக்காரர் பில்லை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மனிதர் வந்தார். ஊரைக் கேட்டார், பக்கத்து ஊர் என்றார், மூன்றாவது நிமிடம் "தம்பி" ஆகிவிட்டேன். தான் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் என்றார். கூகுள் கிளவுட் தன் பங்குதாரர்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தேட ஒரு நிமிடம் ஆகும். நான் தேடவில்லை.

அமைத்துக்கொடுக்க 3,500 ராண்ட், மாதம் 1,200. ஆடிக் கஞ்சி சமயம் பணம் கட்டினோம். சாயங்காலம் வாட்ஸாப்பில் ஒரே ஒரு வரி வந்தது: ஏ, ஐ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் நீளமான கீ. கணக்கை நிர்வகிக்கும் கன்சோலுக்கு லாகின் கிடையாது, கணக்கு யார் பேரில் என்ற பேச்சே கிடையாது.

"அண்ணே, இந்தக் கீ எங்க டொமைன்ல மட்டும் ஓடுற மாதிரி பூட்டுப் போட்டுடுங்க" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. ஓப்பனா இருந்தாதான் எல்லா இடத்துலயும் ஓடும்."

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். வெப் பக்கத்தில் போடும் கீயை யார் வேண்டுமானாலும் சோர்ஸைத் திறந்து பார்க்கலாம். ஒளித்துவைக்க வழியே இல்லை. நம் டொமைனுக்கு மட்டும் என்று பூட்டுவதுதான் முக்கியக் காப்பு. சர்வரிலிருந்து கூப்பிட வேறு கீ எடுத்து அதை ஐபி முகவரிக்குப் பூட்ட வேண்டும். இது முதல் வாரப் பாடம், எனக்கும் தெரியும். சோம்பலும் "நம்ம ஊர்க்காரர்" என்ற நினைப்பும் சேர்ந்து கண்ணை மறைத்தன.

இங்கே புரட்டாசி என்றால் தெரியும்தானே, தமிழ் வீடுகளில் கறி வாசமே இருக்காது. ஆர்டர் இரண்டு மடங்கானது. மூன்றாம் சனிக்கிழமை 64 சாப்பாடு, ஆறு டிரைவர்கள். பதினொன்று இருபதுக்கு ஒரு டிரைவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மேப் முழுக்கச் சாம்பல் படிந்த மாதிரி கறுத்துக் கிடந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக "ஃபார் டெவலப்மென்ட் பர்பசஸ் ஒன்லி". பில்லிங் அறுந்துபோன கணக்கு அப்படித்தான் காட்டும். ஜியோகோடிங்கும் "ரிக்வெஸ்ட் டினைட்" என்று கைவிரித்தது.

அந்த மனிதருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வாட்ஸாப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. சாம்பார் டப்பாக்கள் மேஜைமேல் ஆறிக்கொண்டிருக்கின்றன. கடைசியில் காப்பாற்றியது அக்காவின் அப்பா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தக்காளி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டார். கோயில், பழைய பஸ் நிறுத்தம், ஸ்கூல் கேட், இறக்கம். விலாசத்தை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, டிரைவர்வாரியாகப் பிரித்து அட்டையில் எண் எழுதினார். இரண்டரை மணிக்கு முடிந்தது. ஒன்பது வீட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இரவு எட்டு மணிக்குப் பதில் வந்தது. "உங்க யூசேஜ் ஓவர் தம்பி. 9,400 ராண்ட் கட்டினா உடனே திறந்துவிடறேன்."

கணக்கைக் காட்டுங்கள் என்றேன். கன்சோல் கிராஃபை வெட்டி ஒரு படம் அனுப்பினார். அதில்தான் குட்டு உடைந்தது. நாங்கள் சமைப்பது வெள்ளியும் சனியும்தான், கிராஃபில் திங்கள், செவ்வாய், புதன் எல்லா நாளும் ஒரே உயரத்தில் மேடு. கேட்டால், "அது அமெரிக்க நேரம், நாள் மாறித் தெரியும்" என்கிறார். டர்பனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் அப்போது ஒன்பது மணி நேர வித்தியாசம். ஒன்பது மணி நேரம் சனிக்கிழமைச் சாப்பாட்டைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளுமா? ஒரே கீயை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

என் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எந்த டிரைவருக்கு எந்த ஆர்டர் பக்கம் என்று பார்க்க ரூட் மேட்ரிக்ஸ் சேவையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டேன். அதில் கூப்பிட்ட தடவைக்குக் காசு இல்லை, கட்டத்துக்குக் காசு. ஒரு டிரைவருக்கு ஒரு ஆர்டர் என்று பார்ப்பது ஒரு கட்டம். ஆறு டிரைவர், கையில் 15 ஆர்டர் என்றால் ஒரு தடவைக்கே 90 கட்டம். மணிக்கு 1,080, மூன்று மணி நேரத்துக்கு 3,240. வாரம் இரண்டு நாள், நான்கு வாரம் என்றால் 25,920. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூகுளின் விலைப்பட்டியலை வைத்துப் பார்த்தேன். 2025 மார்ச்சுக்கு முன்பு மாதம் 200 டாலர் மொத்தச் சலுகை இருந்தது. இப்போது ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச அளவு, அடிப்படைச் சேவைகளுக்கு மாதம் 10,000. அதைக் கழித்தால் மிச்சம் 15,920. ஆயிரத்துக்கு 5 டாலர் வீதம் 80 டாலருக்குச் சற்றுக் குறைவு, அன்றைய விலைக்குச் சுமார் 1,350 ராண்ட். புரட்டாசி வேகத்திலேயே மாதம் முழுக்க ஓடினாலும் அவ்வளவுதான். டிராஃபிக்கையும் சேர்த்துக் கேட்டிருந்தால் விலை இரட்டிப்பாகி இலவச அளவும் பாதியாகியிருக்கும், நல்லவேளை கேட்கவில்லை.

இன்னும் எரிகிறது, கேளுங்கள். ஆடி, ஆவணியில் மூன்று டிரைவர், எட்டு ஆர்டர். அதே கணக்கில் மாதம் 6,912 கட்டம். மேப்பும் ஜியோகோடிங்கும் பத்தாயிரத்தின் பக்கமே போகவில்லை. சொந்தக் கணக்கு வைத்திருந்தால் அந்த மாதங்களுக்கு ஒரு ராண்ட்கூட ஆகியிருக்காது. இலவசமாகக் கிடைப்பதை நான் 1,200 கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இப்போது அந்தச் சங்கடம். "விலாசங்களை முன்கூட்டியே ஜியோகோட் பண்ணித் தர்றேன், வேகமா ஓடும்" என்று சொல்லி, ஆகஸ்டில் வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்டார். 412 பேரின் பெயர், விலாசம், போன் நம்பர். எக்ஸெல் கோப்பாக அனுப்பிவைத்தேன். புத்தி எங்கே போனதென்று தெரியவில்லை. கூகுள் தரும் அட்சரேகை, தீர்க்கரேகையை 30 நாளுக்கு மேல் சேமித்து வைக்கவே விதி இடம் தராது, இடத்துக்குக் கூகுள் வைக்கும் அடையாளக் குறியான பிளேஸ் ஐடியை மட்டும்தான் எவ்வளவு நாளும் வைத்துக்கொள்ளலாம். அது போகட்டும். இந்நாட்டுத் தனிநபர் தகவல் சட்டமான போப்பியா 2021 ஜூலையிலிருந்து எல்லோரையும் பிடிக்கும். தகவல் வேண்டாத கைக்குப் போனதென்று தெரிந்தால் ஒழுங்குமுறை ஆணையருக்கும் சொல்ல வேண்டும், உரியவர்களுக்கும் சொல்ல வேண்டும். அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது, தலைகுனிந்தது அவர். அந்த இரண்டு நாள் நான் அந்தச் சமையலறைப் பக்கமே போகவில்லை.

இப்போது அக்கா பேரிலேயே கணக்கு, அவர் கார்டு. கீ இரண்டு, இரண்டுக்கும் பூட்டு. ஒவ்வொரு சேவைக்கும் தினசரி கோட்டா, அதாவது உச்சவரம்பு, வைத்தாயிற்று. பட்ஜெட் அலர்ட் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது மின்னஞ்சல் மட்டும்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. நிறுத்துவது கோட்டா. தூரக் கணக்கைக் கூகுளிலிருந்தே எடுத்துவிட்டேன். ஜியோஃபாப்ரிக் தளத்தில் தென்னாப்பிரிக்காவுக்கான, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவை இறக்கி, ஒரு சின்ன சர்வரில் வழியும் தூரமும் கணக்கிடும் ஓஎஸ்ஆர்எம் மென்பொருளைப் போட்டேன். மேட்ரிக்ஸை ஐந்து நொடிக்கு ஒருமுறை கேட்டாலும் யாரும் பில் அனுப்ப மாட்டார்கள். ஆனால் இலவசம்தானே என்று, விலாசத்தைப் புள்ளியாக்கும் நாமினாட்டிம் பொதுச் சர்வரை, தட்டச்சு செய்யும்போதே விலாசம் காட்டும் பரிந்துரைக்குக் கட்டிவிடாதீர்கள். நொடிக்கு ஒரு கோரிக்கைதான் வரம்பு, பரிந்துரைக்கு அனுமதியே இல்லை.

பணத்தை மீட்கச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ராண்ட் வரை போகலாம், வக்கீல் தேவையில்லை. வழக்குப் போடும் உரிமை தனிநபருக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. அக்கா கம்பெனியாகப் பதிவு செய்யாதது இதில் நல்லதாகப் போயிற்று. முதலில் 14 நாள் கெடு கொடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். ரசீதில் இருந்த விலாசத்துக்குக் கடிதத்தோடு நேரில் போனேன். கார் கழுவும் இடம். சோப்பு நுரைக்கு நடுவே நின்றிருந்த பையன் அப்படியொரு பெயரையே கேட்டதில்லை என்றான்.

அவருடைய வங்கிக் கணக்கு எண் எங்களிடம் இருக்கிறது, குரல் பதிவுகள் இருக்கின்றன. போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்த ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் உங்களுக்கும் யாராவது வாட்ஸாப்பில் மேப் கீ விற்றிருந்தால், ரசீதையும் சாட்டையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கீயை மட்டும் அனுப்பாதீர்கள்.